பிஸ்கட்டைத் தூக்கும் விதம்

அப்பா,

"மூணு மலைப்பாம்புக் குட்டி இருந்துச்சே, இதை ஏன்டி எடுத்த?" என்று அன்று காரில் கேட்டீர்கள். பதில் இதுதான்: மற்ற இரண்டும் கையைக் கண்டதும் கொத்த வந்தன. இது பயந்துபோயும் கடிக்காமல் என் விரலைச் சுற்றிக்கொண்டது. அதனால்தான் பிஸ்கட்டை எடுத்தேன்.

போவன் ஊரில் மாம்பழம் பறிக்கும் வேலை முடிந்து நான் திரும்ப ஒரு மாதம் ஆகும். அதுவரை யாரும் தூக்காவிட்டால் பிஸ்கட்டுக்கு மனிதக் கை மறந்துபோகும். பிறகு அது கடித்தால், நேற்று கத்தினீர்களே, அதேபோல யாருக்காவது கொடுத்துவிடுவீர்கள்.

அதற்குத் தீனியான உறைந்த எலிகள் ஃப்ரீசரில், பட்டாணிக்கு அடியில். தின்ற பிறகு இரண்டு நாள் தொடாதீர்கள், கக்கிவிடும். மற்ற நாட்களில் கையைக் கழுவிவிட்டு, வயிற்றுக்கு அடியில் தாங்கித் தூக்குங்கள்.

டெஸ்

பி.கு.: தொப்பியை எடுக்கத் திரும்பி வந்தேன். பெட்டிக்குள் கையை விட்டபடி, "கடிச்சிடாதடி செல்லம், நானும் பயந்தாங்கொள்ளிதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். இந்தக் கடிதத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு, நீங்கள் திரும்பிப் பார்க்கும் முன் கிளம்புகிறேன்.