கூண்டிலிருந்து இறங்கிப் போனவன்

கோரண்டைன் கரை, கயானா
3 மார்ச் 1996

அன்புள்ள தேவ்நரைன் மாஸ்டருக்கு,

மதகுக்காரன் கமருதீன் எழுதுவது. அல்லாஹ் அருளால் எல்லோரும் சுகம். டொராண்டோ குளிரில் குல்லாய் போட்டுக்கொள். தலையில் மிச்சம் இருக்கிற நாலு முடியையாவது காப்பாற்று.

நீ அனுப்பிய கதை வந்தது. நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அறுவடை வந்துவிடும் என்று மகள் ஷபானா படித்துக் காட்டினாள். அடேயப்பா, என்னை எவ்வளவு உயரமாக்கிவிட்டாய்! மீசை வேறு! கோதுமை மாவுக்குத் தடை இருந்த அந்த வருஷம், உன் தங்கை கல்யாணப் பூரிக்காகச் ஆற்றுக்கு அக்கரைச் சூரினாமிலிருந்து படகில் ஒரு மூட்டை மாவு கொண்டு வந்து, யாரோ காட்டிக்கொடுத்ததில் மறுநாள் போலீஸ் உன்னைப் பிடித்தது வரை சிரித்துக்கொண்டே கேட்டோம்.

அப்புறம் கோர்ட்டு வந்தது. நான் குர்ஆன் மேல் கை வைத்து, "அன்னிக்கு முழுக்க இவன் என்கூட மதகுலதான் இருந்தான்" என்று சத்தியம் செய்கிறேன். உன்னை விட்டுவிடுகிறார்கள். கட்டிப்பிடித்து அழுகிறோம்.

நான் அப்படிச் சொல்லவில்லையே, மாஸ்டர்.

"உங்க கூட்டாளி உங்கள நல்லவராக்கிட்டாரு. அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்கிறாள் என் வீட்டுக்காரி நஸீபன்.

"நல்லவனாக்கல புள்ள, பொய்யனாக்கிட்டான்" என்றேன்.

அந்தப் பக்கத்தை மாற்றிவிடு.

உன்
கமருதீன்


டொராண்டோ
25 மார்ச் 1996

கமருதீனுக்கு,

அது கதை. நான் படித்த கதைகளிலெல்லாம் நண்பன் என்றால் மற்றவனுக்காக எதையாவது இழப்பான். அதனால்தான் படிக்கிறவர்கள் அழுகிறார்கள். நீ எதையும் இழக்கவில்லை. அன்று உன்கூட மதகில் இருந்ததாக நான் போலீசிடம் சொல்லியிருக்க, நீ சாட்சிக் கூண்டில் ஏறி "அன்னிக்கு இவன் என்கூட இல்ல" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாய். எனக்கு ஆறு மாதம் சிறை. பள்ளிக்கூட வேலையும் போயிற்று.

பதிமூன்று வருஷம் இதை உன்னிடம் நான் பேசியதில்லை. கதையிலாவது எனக்கு ஒரு நண்பன் இருந்துவிட்டுப் போகட்டும். மே கடைசியில் அச்சுக்குப் போகிறது.

தேவ்நரைன்


கோரண்டைன் கரை
11 ஏப்ரல் 1996

அன்புள்ள தேவ்,

உன் கடிதம் வந்ததிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. நேற்று கடல் ஏறும் நேரத்தில், மூட வேண்டிய மதகைத் திறந்து கடல் தண்ணீரை உள்ளே விட்டேன். "கமோ, மீனுக்கு விருந்தா வைக்கிற?" என்று ஓவர்சியர் கத்தினார்.

நம்பிக்கை ஆறு என்று ஓதிக்கொடுக்கிற எங்கள் மியாஞ்சி பிரம்போடு நின்று சொல்லித் தருவார். இறைவன் ஒருவன், வானவர்கள், வேதங்கள், தூதர்கள், மறுமை நாள், விதி. நான் மூன்றைத் தாண்டி ஒப்பித்தால் அன்றைக்கு மழை பெய்யும். ஆனால் கூண்டில் நின்றபோது அந்த ஆறும் வரிசையாக வந்து என் எதிரே உட்கார்ந்துகொண்டன.

பொய் சொல்லத்தான் ஏறினேன், தேவ். உனக்கு அதுகூடத் தெரியாது. முந்தின நாள் முழுக்க மாட்டிடம் சொல்லிப் பாடம் பண்ணினேன். வேதத்தில் கை பட்டதும் நாக்கு மரத்துவிட்டது. தோளில் இரண்டு வானவர்கள் இருந்து நாம் செய்வதை எழுதுகிறார்கள் என்பது எனக்குக் கதை இல்லை. அவர்கள் ஒன்று எழுத, நீ ஒன்று எழுதினால் எப்படி?

பொய்ச் சத்தியம் பண்ணுகிறவன்தான் நண்பன் என்றால், மூன்று வருஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்து உன் சிலேட்டைப் பார்த்து எழுதியும் பெயிலானவன் யார்?

மாற்ற மாட்டாய் என்றால் என் பேரையாவது எடுத்துவிடு.

கமருதீன்


கோரண்டைன் கரை
6 மே 1996

தேவ்,

தபாலாபீசுக்கு நாலு தடவை போய்விட்டேன். "உங்களுக்குக் கடிதம் வந்தா நானே ஓடி வந்து தர்றேன் பாய், எனக்குக் கொஞ்சம் மூச்சு விடுங்க" என்கிறாள் அங்கே இருக்கிற பெண். கோபமாகவாவது நாலு வரி எழுது. திட்டு. திட்டக்கூடவா முடியவில்லை?

கமருதீன்


டொராண்டோ
20 மே 1996

கமோ,

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். நீ பொய் சொல்லத்தான் ஏறினாய் என்று படித்தபின் அதை வைத்திருக்க முடியவில்லை.

இப்போது கதையில் அவன் உண்மையைச் சொல்லிவிட்டுக் கூண்டிலிருந்து இறங்குகிறான். அதற்கு மேல் ஒரு வரி ஓடவில்லை. அன்று நான் பார்த்தது உன் முதுகை மட்டும்தான். பதிப்பாளரிடம் இரண்டு மாதம் தவணை கேட்டிருக்கிறேன்.

கோர்ட்டை விட்டு வெளியே போய் நீ என்ன செய்தாய்?

தேவ்


கோரண்டைன் கரை
9 ஜூன் 1996

அன்புள்ள தேவ்,

நல்லதைச் செய்துவிட்டு வெளியே காட்டிக்கொண்டால் அதன் கூலி போய்விடும் என்பது எங்கள் வழி. அதனால் இத்தனை நாள் வாயைக் கட்டியிருந்தேன். நீ கேட்டுவிட்டாய். போனால் போகிறது.

வெளியே வந்து நேரே உங்கள் வயலுக்குப் போனேன். கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது, மழையும் இருட்டிக்கொண்டு வந்தது. நானும் நஸீபனும் அஞ்சு நாளில் அறுத்து உள்ளே சேர்த்தோம். "கமருதீன் வந்தான்னு அவன்கிட்ட சொல்லிடாதீங்க மாயி, சோத்தைத் தொடமாட்டான்" என்று உன் அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். பாவம், சாகிற வரைக்கும் அவள் சொல்லவில்லை.

சனிக்கிழமைதோறும் சிறை வாசலில் அம்மா கொடுத்தனுப்பியதாக உனக்கு வந்த அரிசி ரொட்டியும் மாங்காய் அச்சாரும் நஸீபன் செய்தது. கொண்டு வந்தது நான். "உப்பு அள்ளிப் போடுறாங்க, கிழவிக்குக் கண்ணு தெரியலபோல" என்று நீ காவலரிடம் சொன்னாயாமே. அதைக் கேட்டு நஸீபன் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை!

கதையில் இது வேண்டாம், தேவ். அவன் கூண்டிலிருந்து இறங்கிப் போகட்டும். எங்கே போனான் என்று படிக்கிறவர்கள் தேடிக்கொள்ளட்டும். உனக்குத் தெரிந்தால் போதும்.

உன்
கமோ