நரம்புக்கு என்று விற்ற மாத்திரை என் விரலை மரக்கடித்தது பற்றி

அனுப்புநர்:
மு. முகைதீன் பிச்சை,
மீன் வியாபாரி, காரைக்கால்.

பெறுநர்:
மருந்து ஆய்வாளர் அவர்கள்,
காரைக்கால்.

பொருள்: மருத்துவர் சீட்டு இல்லாமல், பெயரும் அளவும் தெரியாமல் விற்கப்படும் பி வைட்டமின் மாத்திரை – நடவடிக்கை கோரி இரண்டாவது மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சைக்கிளில் கூடை கட்டி மீன் விற்று, இன்று இரண்டு ஐஸ் வண்டி வைத்திருப்பவன் நான். காரைக்கால்மேடு ஏலத்தில் மீனை விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்துத் தலையாட்டுவேன். தலையாட்டிய மீனைத் திருப்பித் தரும் வழக்கம் அங்கே இல்லை. என் படிப்பெல்லாம் அந்த விரல்தான்.

2. சென்ற ஆண்டு ஐஸ் தண்ணீரில் நின்று கால் விறுவிறுத்தது. இணைப்பில் கண்ட மருந்துக்கடைக்காரர், நரம்புக்கு என்று மாத்திரைப் பட்டையைக் கத்தரித்து உறையில் போட்டுக் கொடுத்தார். பெயர் இருந்த பாதி அவரிடமே நின்றது. மரப்பு கூடக்கூட மாத்திரையையும் கூட்டினார். மருமகன் துபாயிலிருந்து கொண்டுவந்த சத்து மாத்திரையும் சேர்த்தே விழுங்கினேன். அதிகமாகாதா என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "பாய், இது சத்து மாத்திரைதாங்க. மிச்சம் மூத்திரத்துல போயிடும், பயப்படாம போடுங்க." மஞ்சளாகப் போனதைப் பார்த்து நானும் நம்பினேன்.

3. மாத்திரை தொடங்கிய பதினோராம் மாதம், குழைந்து கிடந்த வஞ்சிரத்தை அழுத்திப் பார்த்து நல்ல மீன் என்று தலையாட்டினேன். ஏலத்திடலே சிரித்தது. அன்று ஒரு காலில் செருப்பில்லாமல் வீடு வந்ததையும் என் மனைவி கமர் நிஷா சொல்லித்தான் அறிந்தேன்.

4. தஞ்சாவூர் நரம்பு மருத்துவர் எல்லா மாத்திரையையும் கொண்டுவரச் சொன்னார். கமர் நிஷா கடையில் நின்று முழுப் பட்டையாகக் கேட்டு வாங்கினார். இரண்டிலும் பி6 மிகுதி. மாதக்கணக்கில் அளவு மீறினால் அது நரம்பையே கெடுக்கும் என்றார் மருத்துவர். நிறுத்தி நான்கு மாதமாகிறது. இடக்கை தேறிவிட்டது. வலக்கையும் பாதமும் இன்னும் தேறவில்லை.

5. என் தவறையும் மறைக்கவில்லை. என்னிடம் ஐஸ் உடைக்கும் வைத்தியலிங்கத்துக்கு அந்தக் கடையைக் காட்டியது நானே. அவருக்கும் பாதம் மரக்கிறது. நிறுத்தச் சொன்னால், "மருந்து குடுக்குறவரு போடச் சொல்றாரு, மீன் விக்கிறவரு பேச்சையா கேக்குறது?" என்கிறார். அதனால்தான் உங்கள் வாய்ச்சொல் வேண்டியிருக்கிறது.

6. முதல் மனுவுக்கு ஆதாரம் இல்லை என்று பதில் வந்தது. கடைக்காரர் தம் கைப்பட "காலை 2, இரவு 2" என்று எழுதிய பதினான்கு உறைகளை இணைத்துள்ளேன். இனி அந்தப் பதில் செல்லாது.

வைட்டமினே கூடாது என்பதல்ல என் வாதம். மருத்துவர் அளந்து தரட்டும். விற்பவர் பெயரும் அளவும் எழுதி, ரசீதோடு தரட்டும். கெட்ட மீனை விற்றால் என் முகத்திலேயே எறிவார்கள். மருந்துக்கடைக்கு மட்டும் என்ன விலக்கு?

பதினைந்து நாளில் கடையைச் சோதித்து, வைத்தியலிங்கத்திடம் நேரில் சொல்லுமாறு வேண்டுகிறேன். தவறினால் தினமும் ஏலத்துக்கு முன் இம்மனுவை உரக்கப் படிப்பேன். கடைக்காரர் வழக்குப் போட்டால் போடட்டும்.

இக்கையெழுத்து முதல் மனுவில் உள்ளதோடு ஒத்துப்போகாது. அதில் என் மரத்த வலக்கையோடு சேர்த்து மகள் பேனாவைப் பிடித்துக்கொண்டாள். இது இடக்கையால் நானே போட்டது.

இடம்: காரைக்கால்
நாள்: 12.11.2025

உண்மையுடன்,
மு. முகைதீன் பிச்சை