வீக்கம் வடியட்டும் என்றாய்

அக்கா,

அடுப்பில் மக்காச்சோளம் வேகிற வாசனை வருகிறது. கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். நாளை உன் வருஷத் திவசம். சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும். பெரம்பலூர் ஸ்டுடியோவிலிருந்து காலையில் வந்து இறங்கியது உன் கல்யாணப் படம். "எம் பொண்ணு மொகம் இதுதான்" என்கிறாள் அம்மா. உன் வீட்டுக்காரர் "ஒங்க இஷ்டம்" என்று ஒதுங்கிக்கொண்டார். நடுவில் நீ பட்டதெல்லாம் போன இடம் தெரியவில்லை.

மெட்டி இறுக்கியது, அம்மா பெரிய மெட்டி வாங்கினாள். வளையல் ஏறவில்லை, பெரிய வளையல் வந்தது. மூக்கு தடித்தது, தாடை முன்னால் வந்தது, முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் விலகின. "புள்ள பெத்த ஒடம்பு, அப்புடித்தான் இருக்கும்" என்று நம்ம குன்னம் ஊரே ஒரே குரலில் சொன்னது. திருஷ்டி சுற்றிப் போட்டதில் தெருவெல்லாம் மிளகாய் நெடி. கடைசியில் ஒரு பல் டாக்டர்தான் பல்லை விட்டுவிட்டு உன் கையைப் பார்த்தார், திருச்சிக்கு அனுப்பினார். மூளைக்கு அடியில் ஒரு சின்னக் கட்டி, வளர்ச்சி ஹார்மோனை அளவில்லாமல் சுரந்துகொண்டிருந்தது. மூக்கு வழியாக அதை எடுத்தார்கள்.

கட்டி போனாலும் வளர்ந்த எலும்பு திரும்பாதாம். ஹார்மோன் அடங்கும்வரை காத்திருந்து, தாடையை அறுத்துப் பின்னால் தள்ளி பிளேட் வைத்தார்கள். புருவ எலும்பைச் செதுக்கினார்கள். வாரக்கணக்கில் கஞ்சியும் ஜூஸுமாகக் கிடந்தாய். பார்க்க வந்த ஆண்டிமடத்துச் சித்தி, "அப்பா ஜாடையே போயிடுச்சேடி" என்று அழுதாள். நோய்க்கு அப்பா ஜாடை என்று பெயர் வைத்த குடும்பம் நம்முடையது!

நீ மட்டும் சளைத்தவளா? என் மகன் காதுகுத்தில் கேமராவைக் கண்டதும் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்கு ஓடியவள். ஆபரேஷனுக்குப் பிறகாவது நிற்பாய் என்று பார்த்தேன். "வீக்கம் வடியட்டும்டி, அப்பறம் ஆசதீர எடு" என்றாய். வடிந்தது. "பல்லு செட்டாவட்டும்" என்றாய். அதற்குள் இதயம் நின்றுபோனது. அந்த ஹார்மோன் அதையும் விட்டுவைக்கவில்லையாம். எனக்கு உன்மேல் எரிச்சல் எரிச்சலாக வருகிறது.

என் போனில் இருப்பது ஒன்றே ஒன்று. பல் சேராததால் வருஷக்கணக்கில் சோளக்கதிரை உதிர்த்து உதிர்த்துத் தின்ற நீ, ஆபரேஷனுக்குப் பிறகு முதன்முதலாக முன்பல்லால் கடித்த அன்று எடுத்தது. "எடுக்காதடி சனியனே" என்று வாய் நிறையச் சோளத்தோடு திட்டுகிறாய். அந்தத் தாடைக்காக அவ்வளவு பட்டுவிட்டு, அதில் பாதியைக் கதிரால் மறைத்திருக்கிறாய்.

அதையே பெரிதாக்கச் சொல்லி ஸ்டுடியோவுக்கு அனுப்பிவிட்டேன். "செத்தவ படத்துல தின்னுகிட்டா இருப்பா?" என்று அம்மா கத்தினாள்.

"இருப்பா" என்றேன்.

போனை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "பல்லு நல்லாத்தான் கடிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் அடுப்பில் சோளத்தைப் போட்டாள். நாளைக்குப் படையலில் வைப்பாளாம்.

உன் திட்டு இன்னும் என் காதில்தான் இருக்கிறது. திட்டிக்கொள். நாளைக்கு மாலையை நான்தான் போடுவேன், தாடையை மறைக்காமல்.