கல்யாண முருங்கை நின்ற இடம்

கள்ளக்குறிச்சி,
வியாழக்கிழமை.

அன்பு மகள் எழில்மதிக்கு அப்பா காசிநாதன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்று இதற்கு முன்னும் பலமுறை கேட்டிருக்கிறேன், பதில் வருவதற்குள் அடுத்த பேச்சுக்குப் போயிருக்கிறேன், இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் காகிதத்தை எடுத்தார் என்று நினைப்பாய். போன் அடித்தால் மாப்பிள்ளை வீரமணி ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், நீயும் எல்லாவற்றுக்கும் சரிப்பா சரிப்பா என்கிறாய். உன்னோடு படித்த ஜெயசுதா லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை புனேவுக்குத் திரும்புகிறாள், அதனால் அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் கையில்தான் கொடுக்க வேண்டும், வேறு யார் கேட்டாலும் பொடி டப்பா மட்டும்தான் என்று சொல்ல வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் எலவனாசூர்கோட்டையில் கொளஞ்சியம்மாள் அத்தையின் பேரனுக்குக் காது குத்தினார்கள். நானும் உன் அம்மாவும் போய் இரண்டு நாள் இருந்தோம். உன்னைக் கேட்காதவர்கள் இல்லை, நன்றாக இருக்கிறாள் என்று வாய் வலிக்கச் சொல்லிவிட்டு வந்தேன். திரும்பி வந்து பின்கதவைத் திறந்தால் தோட்டத்தைக் காணோம். வீட்டுக்காரர் பொன்னுரங்கத்தைத்தான் உனக்குத் தெரியுமே, ரிஷிவந்தியத்தை விட்டு அசையமாட்டார், பத்து வருஷத்தில் இந்தப் பக்கம் நாலு முறை வந்திருந்தால் அதிகம். அவர் வரவில்லை, ஜேசிபி வந்திருக்கிறது. பழைய செப்டிக் டேங்க் விரிசல் விட்டது வாஸ்தவம், அதைச் சரிசெய்யச் சொல்லி இரண்டு வருஷமாக அவரை நச்சரித்ததும் நான்தான். ஆனால் ஆள் அனுப்புகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா. அவரைப் பந்தல் குப்புறக் கிடந்தது, உன் அம்மாவின் கனகாம்பரப் பாத்தி மண்மேட்டுக்கு அடியில் போய்விட்டது, கல்யாண முருங்கை நின்ற இடத்தில் ஆள் உயரத்துக்குக் குழி. மரத்தை மூன்று துண்டாக வெட்டிச் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள்.

பொன்னுரங்கத்துக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டேன். அவர் நிதானமாக, "இன்னா கண்டக்டரே, வூடும் என்னுது, குழியும் என்னுது, நாளைக்கு நாறிக்கினு இருந்தா நீங்கதான போன் போடுவீங்க" என்றார். வாடகை வீட்டில் செடி வைத்தால் தண்ணீர் ஊற்றலாம், உரிமை கொண்டாட முடியாது, அது எனக்குப் புரியாமல் இல்லை. அது எங்கள் பெண்ணின் கல்யாணக் கொம்பு என்று சொன்ன பிறகு, தெரிந்திருந்தால் நாலடி தள்ளித் தோண்டச் சொல்லியிருப்பேன் என்றார். நானும் இத்தனை வருஷத்தில் அவரிடம் அதைச் சொல்லியதில்லை.

உன் கல்யாணத்தில் மணப்பந்தலின் அரசாணிக்காலில் கட்டிய கல்யாண முருங்கைக் கொம்பை, மாப்பிள்ளை வீடு மாடி வீடு, அங்கே ஊன்ற மண்ணில்லை என்று நம் வீட்டில்தானே ஊன்றினோம். கொம்பு தழைத்தால் குடித்தனம் தழைக்கும் என்ற பேச்சை உன் அம்மா அப்படியே நம்புகிறவள். ஆறு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த மரத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். குழியைப் பார்த்த அன்று அவள் சோறு தின்னவில்லை. வெட்டிப்போட்டதில் ஒரு கொப்பை எடுத்துப் பக்கெட் தண்ணீரில் வைத்துவிட்டு, உன்னிடம் மூச்சுவிடக் கூடாது, வீடியோ காலில் முன்வாசலை மட்டும் காட்டுங்கள் என்றாள். நான் சரி என்று தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்குப் புதிது இல்லை.

போன தீபாவளிக்கு மறுநாள் நீ பேசியது நினைவிருக்கிறதா. மாப்பிள்ளை கை நீட்டினார் என்று அழுதாய். பதினைந்து நாளாக உன்னோடு பேசவில்லை, போனையும் பிடுங்கி வைத்துக்கொண்டார், பக்கத்து வீட்டுப் போனில் பேசுகிறேன் என்றாய். நீயே அழுகையை நிறுத்திக்கொண்டு, "மரம் நல்லா இருக்குதாப்பா?" என்று கேட்டாய். நல்லா இருக்கிறது, பூத்திருக்கிறது என்றேன். அப்படியென்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். எனக்கு அன்றைக்கு அப்பாடா என்றிருந்தது, அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

எழிலு, அது உன் கல்யாணக் கொம்பு இல்லை. கல்யாண அலைச்சலில் கொம்பை நாலு நாள் முன்னாலேயே வெட்டி, மண்டபத்து மொட்டை மாடியில் வெயிலில் போட்டுவிட்டேன். பச்சைக் கொம்பாக வெட்டி உடனே வைக்க வேண்டியதை அப்படிப் போட்டால் எப்படித் துளிர்க்கும். ஊன்றி ஒரு மாதம் கழித்து நகத்தால் கீறிப் பார்த்தேன், உள்ளே விறகாக இருந்தது. உன் அம்மாவோ தினமும் துளிர் வந்ததா என்று குனிந்து குனிந்து பார்க்கிறாள். அப்போது எனக்கு வெள்ளிமலை ரூட். மலையில் பெரியம்மாள் என்று ஒரு அம்மா, மிளகுக்கொடி ஏற்றுவதற்கு வேலியெல்லாம் இந்த முருங்கையாகவே வைத்திருப்பார். அவரிடம் ஒரு கொம்பு கேட்டு வாங்கிச் சாக்கில் சுற்றி, என் சீட்டுக்கு அடியில் போட்டுக் கொண்டுவந்தேன். உன் அம்மா ரேஷன் கடைக்குப் போன நேரத்தில் பழையதைப் பிடுங்கிவிட்டு அதை ஊன்றினேன். பழையதில் இருந்த மஞ்சள் கயிற்றை அவிழ்த்துப் புதியதில் கட்டினேன். பழைய கட்டை வெந்நீர் அடுப்புக்குப் போனது, அந்த வெந்நீரில் நான்தான் குளித்தேன். பத்து நாளில் துளிர் வந்துவிட்டது, தெருவுக்கே உன் அம்மா சர்க்கரை கொடுத்தாள். வேலிக்கு ஊன்றினாலும் தழைக்கிற மரம், அது தழைத்ததற்கும் உன் குடித்தனத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. முதல் கொம்பு காய்ந்ததற்கும் சம்பந்தம் கிடையாது, அதை விதி என்று எடுத்துக்கொள்ளாதே, அது உன் அப்பனின் கவனக்குறைவு.

நேற்று உன் அம்மா பக்கெட்டில் வைத்த கொப்பு வாடுகிறதே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பொறுக்கமாட்டாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என்னைக் கரித்துக்கொட்டுவாள், ஆறு வருஷத்துக் குங்குமத்துக்குக் கணக்குக் கேட்பாள் என்று பயந்தேன். அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. "அப்ப அந்தப் பொண்ணு எத நம்பிக்கினு அங்க கெடக்குது?" என்று கேட்டாள். பேனாவையும் நோட்டையும் அவள்தான் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

மாப்பிள்ளை மனம் மாறியிருந்தால், அவர் முகத்தைப் பார்த்து உனக்கே நம்பிக்கை வந்திருந்தால், அங்கேயே இரு, சந்தோஷம்தான். கை நீட்டுவது நிற்கவில்லை என்றால் ஒரு நாள்கூடப் பொறுக்க வேண்டியதில்லை. அன்றைக்கே கிளம்பி வா என்று சொல்லாதது என் தப்பு. முப்பத்தொரு வருஷம் விசில் ஊதியிருக்கிறேன், வெள்ளிமலைக்கு டிக்கெட் எடுத்தவர்கள் பாதி வழியில் இறங்க வேண்டும் என்று எழுந்தால் வண்டியை நிறுத்தியிருக்கிறேன், ஏன் இறங்குகிறீர்கள் என்று ஒருத்தரையும் கேட்டதில்லை. ஊர் கேட்கும், கேட்டுவிட்டுப் போகட்டும், இப்போதைக்கு இந்தத் தெரு குழி நாற்றத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது. தோட்டம் போனாலும் வீட்டில் இரண்டு அறை இருக்கிறது. பின் அறையில் கிடந்த நெல் மூட்டைகளை உன் அம்மா இன்று காலை ஒற்றை ஆளாக இழுத்துக் கூடத்தில் போட்டுவிட்டாள், என்னை ஒரு கை பிடிக்கக்கூடச் சொல்லவில்லை.

எள்ளுப்பொடியும் கொள்ளுப்பொடியும் வைத்திருக்கிறோம், ஈரக்கை படாமல் எடு. அர்த்தநாரீஸ்வரர் கோயில் விபூதி சின்னப் பொட்டலத்தில் இருக்கிறது, பூசிக்கொள். எங்கே இருந்தாலும் நீ தலை நிமிர்ந்து நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேரின் ஆசீர்வாதமும் அதுதான். ஜெயசுதா நீ படித்து முடிக்கும்வரை உன் பக்கத்திலேயே இருப்பாள், அவள் போனிலிருந்து என்னைக் கூப்பிடு. மரம் எப்படி இருக்கிறது என்று இனிமேல் கேட்காதே. நீ எப்படி இருக்கிறாய் என்று மேலே தொடக்கத்திலேயே கேட்டிருக்கிறேன், அதற்குப் பதில் சொல், இந்த முறை நான் பேச்சை மாற்றமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
காசிநாதன்.
உன் அம்மா தைலம்மாளும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.