லாஸ்பேட்டை பேனரில் என் முகம்

அப்பாவுக்கு,

உங்கள் எதிரில் நின்று பேச எனக்கு வாய் வராது. அதனால் எழுதி, சித்தப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

லாஸ்பேட்டையில் நீங்கள் கட்டிய பேனரைக் கழற்றிவிடுங்கள். தலைவர் படத்துக்குக் கீழே என் அழுகிற முகத்தைப் போட்டு, ‘தலைவரைக் கண்டு ஆனந்தக் கண்ணீர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் தலைவரைப் பார்க்கவே இல்லை அப்பா. அவர் பேச வந்த மைதானத்தில் கூட்டம் நெருக்கியதில் தங்கச்சி பூர்ணிமாவின் கை என் பிடியிலிருந்து நழுவியது. அவள் மிதிபடுவதைப் பார்த்துத்தான் அழுதேன். அன்றே சொன்னேன். “இத யார்கிட்டயும் சொல்லாத, கட்சிக்குக் கெட்ட பேரு” என்றீர்கள்.

ஐந்து நாளாக அவள் கண் திறக்கவில்லை. நீங்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. இன்று உங்கள் மன்றத்து ஆள் வந்து, “நாளைக்குத் தலைவர் பாக்க வராரும்மா. அதே மஞ்ச சுடிதார போட்டுக்க. அதே மாதிரி அழணும்னு அப்பா சொல்லச் சொன்னாரு” என்றார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தச் சுடிதாரின் கையில் பூர்ணிமாவின் நகம் கிழித்த இடம் இருக்கிறது. அதை நான் போட மாட்டேன்.

தெரிந்த குரல் காதில் விழுந்தால் நல்லது என்கிறார் டாக்டர். பேசிப் பேசி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவள் உங்கள் செல்லம். தலைவர் வருவதற்கு முன்னால், கட்சித் துண்டு போடாமல் வந்து, ஒரு தடவை அவளைக் கூப்பிடுங்கள் அப்பா.

உங்கள் பெரிய மகள்