மைதானத்தில் கேட்ட கேள்வி

யமுனா,

எனக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, கவலைப்படாதே. சித்தூர் டாக்டர் நடக்கச் சொன்னதால் தினமும் விடிந்ததும் நம் ஹைஸ்கூல் மைதானத்தைச் சுற்றுகிறேன். நிக்கர் போட்டுக் கபடி ஆடுகிறாயே என்று உன்னை அங்கிருந்துதான் இழுத்து வந்தேன். இப்போது நானே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடக்கிறேன். பத்துப் பெண்கள் வருகிறோம். பேசிச் சிரித்து நடக்கும்போது வீட்டுக் கவலையே வருவதில்லை. உனக்கும் அப்படித்தானே இருந்திருக்கும்?

ஹாஸ்டல் சீட்டுக்கு நீ காத்திருந்த கோடையில் மாற்றலாகிப் போன உன் டிரில் சார் திரும்பி வந்திருக்கிறார். நேற்று என்னை நிறுத்தி, "பொண்ணு இன்னா பண்ணிக்கினு கீறாம்மா?" என்று கேட்டார். பெங்களூரில் தையல் கம்பெனியில் இருக்கிறாய் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

"திருப்பதி ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்ல சீட்டு வந்துச்சே, ஏம்மா அனுப்பல?"

"அவளுக்குத்தான் சார் இஷ்டமில்ல" என்றேன்.

சீட்டு வரவில்லை என்று அன்று நான் சொன்னதும் நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை. "நான்தான் சரியா ஆடல போலம்மா" என்றாய்.

நீ நன்றாகத்தான் ஆடினாய், யமுனா.

உன் அம்மா