வெளியே விழுந்த செங்குத்து

அன்பு மகளுக்கு,

நான் நலம், இடது முழங்காலைத் தவிர. அது தனிக்குடித்தனம் போய் மூன்று வருடமாகிறது, அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. நீயும் மாப்பிள்ளையும் நலமாகத்தான் இருக்க வேண்டும். இரண்டு வாரத்தில் பதினொரு முறை போன் செய்யத் தெம்பு இருந்திருக்கிறதே. நான் எடுக்காததற்குக் காரணம் காது கேட்காததோ கீழே விழுந்து கிடந்ததோ இல்லை. மூன்றாம் மாடித் தையற்காரியை வேறு அனுப்பிக் கதவைத் தட்டச் சொல்லியிருக்கிறாய். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே வந்து, "உயிரோட இருக்கீங்களான்னு உங்க பொண்ணு கேட்டாங்கம்மா" என்றாள். இருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அவமானம் தாங்காமல் படுத்திருக்கிறேன் என்று அவளிடம் சொல்ல முடியுமா? உன்னிடம் சொல்கிறேன். போனில் சொன்னால் நடுவில் சிரிப்பாய், கடிதத்தில் சிரித்தால் எனக்குக் கேட்காது.

அப்பா போன பிறகு, பேச்சுத்துணைக்கு நாலு பேர் வேண்டும் என்று நீதான் என்னை அந்த ஒத்த வயதினர் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டாய். ஒத்த வயது என்றால் ஒத்த மனம் என்று உனக்கு யார் சொன்னது? தினமும் விடிந்தால் நாற்பது ரோஜாப்பூ வரும். ரோஜாப்பூவுக்கு என்ன பதில் எழுதுவது? ஒருநாள் ஒருவர், இந்தச் செய்தியைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும் என்று அனுப்பினார். பத்துப் பேரும் ஆளுக்குப் பத்துப் பேருக்கு அனுப்பிக்கொண்டே போனால் பத்தாவது சுற்றில் உலகத்தில் ஆள் போதாது, அதற்கு மேல் ஆடுமாட்டுக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அன்று மாலையே நீக்கிவிட்டார்கள். நானே விலகினேன் என்று உன்னிடம் சொன்னது பொய்.

பிறகு நானே தேடி ஒரு கணக்குக் குழுவைக் கண்டுபிடித்தேன். ஏழு பேர். புதன்கிழமை நாலு மணிக்கு ஒருவர் ஒரு நிரூபணத்தை வைப்பார், மற்ற ஆறு பேரும் அதைப் பிய்ப்பார்கள். யாரும் யாருடைய வயதையும் கேட்பதில்லை, பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்றும் கேட்பதில்லை. அவரவர் வைத்துக்கொண்ட பட்டப்பெயர்தான். இரவுப்பணி நர்ஸ் ஒருத்தி, பெயர் அரைத்தூக்கம். எதைச் சொன்னாலும் காதோரம் வந்து ஒரு கேள்வி கேட்கிற ஆள் ஒருவர், பெயர் கொசு. நான் அடிக்கோடு. நிரூபணம் முடிந்ததும் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட வேண்டும் என்பது கான்வென்டில் சிஸ்டர் போட்ட சட்டம். அவரே போய்ச் சேர்ந்துவிட்டார், சட்டம் இருக்கிறது. குழுவுக்கும் ஒரே ஒரு சட்டம் உண்டு. காரணம் சொல்லாமல் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குத் தாவினால், 'படி காணோம்' என்று போட்டு நிறுத்திவிடுவார்கள். அந்தப் படியைக் கட்டிவிட்டுத்தான் மேலே ஏறலாம். முன்பின் தெரியாதவர்களை நம்பாதே என்று நீ சொன்னாய். அவர்கள் என்னையே நம்புவதில்லையடி, வரிக்கு வரி காரணம் கேட்கிறார்கள். இதைவிடப் பத்திரமான இடம் எங்கே கிடைக்கும்? உன் அப்பா தங்கமான மனிதர். நாற்பத்து நான்கு வருடமும் நான் எதை நிரூபித்துக் காட்டினாலும், "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். கணக்கில் அதைவிடக் கொடுமையான பதில் கிடையாது.

முப்பது வருடம் பரீட்சைத்தாளில் மதிப்பெண் கூட்டலைச் சரிபார்த்த கை சும்மா இருக்குமா. அவர்கள் போடும் நிரூபணங்களைத் தாளில் எடுத்து, சிவப்பு மையால் திருத்தி, பத்துக்கு இத்தனை என்று போட்டுப் படம் பிடித்து அனுப்புவேன். கொசுவுக்கு ஒருமுறை, 'பத்துக்கு நாலு, நாலும் கையெழுத்துக்கு' என்று எழுதினேன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். இப்படி ஐந்து மாதம் ராஜ்ஜியம் நடந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் மறுபடி என் முறை வந்தது. சின்ன வயதிலிருந்து நம்புகிற ஒன்றை நிரூபித்துக் காட்ட வேண்டும் என்பது அந்த மாதத்து ஏற்பாடு. எனக்கு வந்த கேள்வி, முக்கோணத்தின் எந்தப் பக்கத்தை அடியாக வைத்தாலும் பரப்பு அடி பெருக்கல் உயரத்தில் பாதி என்பது. எனக்குக் கோபமே வந்தது, பால்குடிப் பிள்ளைக்குக் கொடுக்கிற கணக்கா எனக்கு என்று. உச்சியிலிருந்து அடிக்கு ஒரு செங்குத்துக் கோடு போட்டால் இரண்டு செங்கோண முக்கோணம், ஒவ்வொன்றும் ஒரு செவ்வகத்தில் பாதி, இரண்டையும் கூட்டு, முடிந்தது. ஐந்தே வரி, கீழே இரண்டு கோடு. கொசு ஒரு படம் அனுப்பினார். கூரைத் தகடு வெட்டுகிறவராம், அன்றைக்குத்தான் தெரியும். தரையில் ஒரு தகட்டுத் துண்டு கிடக்கிறது, குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்தவன் மாதிரி ஒரே பக்கமாகச் சரிந்த முக்கோணம். கீழே, "வெட்டுனா மிஞ்சுறதெல்லாம் இப்படித்தாம்மா இருக்கு, இதுல செங்குத்து வெளிய போய் விழுதே, எதைக் கூட்டுறது?" என்று கேட்டிருந்தார்.

படத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. வெளியே விழுந்தால் கூட்டக் கூடாது, பெரிய செங்கோண முக்கோணத்திலிருந்து சின்னதைக் கழிக்க வேண்டும். எழுபத்து மூன்று வயதுக்குள் ஆயிரம் முக்கோணம் வரைந்திருப்பேன், இப்படி ஒன்றை வரைந்ததே இல்லை. விரிகோண முக்கோணம் போட்டால் சிஸ்டர் தாளைக் கிழிப்பார். காலை அகட்டிக்கொண்டு உட்கார்ந்த மாதிரி இருக்கிறதாம், நல்ல வீட்டுப் பெண் வரைகிற படமா இது என்பார். அறுபது வருடமாக என் முக்கோணமெல்லாம் முழங்காலைச் சேர்த்துவைத்து உட்கார்ந்திருக்கிறது. சரி, என்னுடையது தப்பு என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம் அல்லவா? 'அடிப்பக்கம் என்று நான் சொன்னது பெரிய பக்கத்தை, அதில் செங்குத்து உள்ளேதான் விழும்' என்று எழுதினேன். பச்சைப் பொய். கேள்வியிலேயே எந்தப் பக்கமும் என்று இருக்கிறது, ஆறு பேருக்கும் படிக்கத் தெரியும். ஆனால் ஒருவர்கூடப் படி காணோம் போடவில்லை. கொசு, "சரிங்கம்மா" என்றார். அரைத்தூக்கம் அவருக்குத் தனியாக அனுப்ப நினைத்ததைக் குழுவில் போட்டுவிட்டாள், "வயசானவங்க போல, பாவம், விட்டுருங்கண்ணே" என்று. அரை நிமிடத்தில் அழித்துவிட்டாள். சரிபார்க்கிற வேலை பார்த்தவளுக்கு அரை நிமிடம் எதற்கு?

அன்று போனை அணைத்தவள்தான். பாவம் என்று ஒரு பிள்ளைப்பூச்சிகூட என்னைச் சொன்னதில்லை. இனி என்ன எழுதினாலும் சரிங்கம்மாதான், ஆறு பேர் இருந்தும் உன் அப்பாவோடு பேசுகிற கதைதான் என்று தோன்றியது. குழுவை விட்டுவிடுவது, வீட்டைப் பூட்டிக்கொண்டு நீ கூப்பிடுகிறபடி உன்னோடு வந்து உட்கார்ந்துவிடுவது என்றுகூட முடிவு செய்து பெட்டியை இறக்கினேன். பெட்டிக்குள் பழைய சிவப்பு மைப்புட்டி இருந்தது. இரண்டு வாரம் யோசித்ததில் வராத புத்தி அதைப் பார்த்ததும் வந்தது. இந்தப் புதன்கிழமை என்னுடைய அந்த ஐந்து வரியை நானே திருத்தினேன். பொய் எழுதியதையும் கீழே எழுதி, பத்துக்குப் பூஜ்யம் போட்டேன். பக்கத்தில் என் வாழ்க்கையின் முதல் விரிகோண முக்கோணத்தை வரைந்தேன். நன்றாக அகட்டியே வரைந்தேன், சிஸ்டர் மேலே இருந்து பார்க்கட்டும். உள்ளே விழுந்தால் கூட்டு, வெளியே விழுந்தால் கழி என்று இரண்டையும் நிரூபித்து, இரண்டு கோடு போட்டு நாலு மணிக்கு அனுப்பினேன்.

பிறகு கொசு, "படி காணோம். செங்குத்து உள்ளயும் இல்லாம வெளியவும் இல்லாம சரியா மூலையிலயே விழுந்தா?" என்று கேட்டார். விழுமடி, செங்கோண முக்கோணத்தில் அப்படித்தான் விழும், அதை எழுத மறந்துவிட்டேன். நான் வாயை மூடுவதற்குள் படி காணோம், படி காணோம் என்று ஆறு பேரும் வரிசையாகப் போட்டுவிட்டார்கள். கடைசியாக அரைத்தூக்கம் என் தாளையே எடுத்து, அதன் மேல் சிவப்பில் எழுதி அனுப்பினாள்: 'பத்துக்கு நாலு. நாலும் கையெழுத்துக்கு.' நான் சிரித்த சிரிப்பில் தையற்காரி மறுபடி கதவைத் தட்டினாள். பெட்டியைத் திரும்பப் பரண்மேல் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

நான் தனியாக இருக்கிறேன் என்று நீ கவலைப்படுவதை நிறுத்து. மாப்பிள்ளை நீ சொல்வதற்கெல்லாம் சரி என்று தலையாட்டினால் அதற்குக் கவலைப்படு, அவரை நான் கேட்டதாகவும் சொல். இருவரும் உடம்பைப் பார்த்துக்கொண்டு, சண்டை போட்டுக்கொண்டு, நூறு வருடம் நன்றாக இருங்கள். புதன்கிழமை நாலு மணிக்கு மட்டும் போன் செய்யாதே, எனக்கு ஒரு மூலை பாக்கி இருக்கிறது.

ஆசிகளுடன்,
உன் அம்மா
(பெயருக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்)